நண்டுதின்னி வராத கார்த்திகை

கார்த்திகை 5, வெள்ளி

சேது கொடுத்துவிட்டுப் போன டைரியில் இன்றுதான் எழுதத் தொடங்குகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அது அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. இந்தத் தெருவில் பத்தாவது முடித்தவர்கள் பஞ்சாயத்துக்கு மனு எழுதினால் இன்றைக்கும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

சேதுலட்சுமி என் மகன் பூமிநாதனின் மகள். குஜராத்தில் பறவை ஆராய்ச்சியில் வேலை. பறவையைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் எங்கள் ஊர் சிப்பிவலசையில் அவள் ஒருத்திதான். எங்கள் முகத்துவாரத்து மணல் திட்டுக்குக் குளிர்காலத்தில் நண்டுதின்னி என்று ஒரு பறவை வரும். வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, தடித்த கறுப்பு அலகு, நீளக் கால். கடல் தாண்டி வருவது. இந்தக் கரை முழுக்கத் தேடினாலும் கண்ணில் படுவது அபூர்வம். நான் பாசி எடுக்கக் கடலில் இறங்கிய நாளிலிருந்து எனக்கு அதைத் தெரியும்.

மார்கழி முடிவதற்குள் அவை வந்து திட்டில் தங்கினால் சேதுவை மூன்று மாதம் இங்கேயே வேலை பார்க்க அனுப்புவதாக அவளுடைய அதிகாரி சொல்லியிருக்கிறாராம். வராவிட்டால் அவள் குஜராத்தில்தான். அவளுடைய பழைய பைனாகுலரை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள். "தினம் பாத்துச் சொல்லுங்க அப்பத்தா. அப்பாவை நம்ப முடியாது" என்றாள். வாஸ்தவம். பூமிநாதனுக்கு மீனைத் தவிர மற்றதெல்லாம் கடல்காக்கை.

இன்று போய்ப் பார்த்தேன். வரவில்லை.

கார்த்திகை 8

வரவில்லை. காலையில் அரிசி புடைத்தேன். நெத்திலி ஆய்ந்தேன். நான் எழுந்து வந்த பிறகு மருமகள் காளீஸ்வரி அதே அரிசியை முறத்தில் போட்டு மறுபடி புடைக்கிறாள். கேட்டால், "சும்மாதான் அத்தை" என்கிறாள். முப்பது வருஷமாக என் கையால் புடைத்த அரிசியைத் தின்றவளுக்கு இப்போது திமிர்.

கார்த்திகை 11

மழை. திட்டுக்குப் போகவில்லை. டைரிகளை இப்போது சரியாக அச்சடிப்பதில்லை. கோடுகள் பாதி இருக்கின்றன, பாதி இல்லை.

கார்த்திகை 14

மழை விட்டது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் திட்டுக்கு எதிர்க்கரையில் போய் நின்றேன். வெறும் வெள்ளை மணல். பைனாகுலர் கெட்டுப்போய்விட்டது, உப்புக்காற்றில் கண்ணாடி புகைந்திருக்கும். எந்தப் பக்கம் திருகினாலும் பால் ஊற்றின மாதிரி இருக்கிறது.

திரும்பும்போது பஞ்சவர்ணம் எதிரே வந்தாள். காளீஸ்வரியின் அம்மா, எனக்குச் சம்பந்தி, மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். சேதுவுக்கு அவளும் பாட்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவள். சேது சின்னதில் பறவை பார்க்கக் கூப்பிட்டால், "வெயிலு மண்டையைப் பொளக்குது, அப்பத்தாளைக் கூட்டிட்டுப் போ" என்று அனுப்பிவிட்டவள்.

"மதினி, திட்டுல கறுப்பும் வெள்ளையுமா என்னமோ நின்னுச்சு, பாத்தீகளா?"

"கடல்காக்கையா இருக்கும்."

"காக்கா மாதிரி இல்லையே. காலு நெட்டையா இருந்துச்சு."

"உனக்கு என்னத்த தெரியும் பஞ்சவர்ணம்? இது படிச்ச ஆளுக பாக்குற சமாச்சாரம்."

அவள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பறவை என்பது சேதுவுக்கும் எனக்கும் நடுவில் உள்ள விஷயம்.

கார்த்திகை 17, தீபம்

விளக்கு வைத்தோம். ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் வானவில் மாதிரி வட்டம் போட்டுக்கொண்டு நின்றது. மருமகள் மலிவு எண்ணெய் வாங்கியிருக்கிறாள். சொன்னேன். "எப்பவும் வாங்குற எண்ணெய்தான் அத்தை" என்று என் முகத்தையே பார்த்தாள்.

கார்த்திகை 20

வந்துவிட்டன.

காலை வெயில் ஏறும்போது பார்த்தேன். திட்டின் தென்முனையில் வரிசையாக நிற்கின்றன. வெள்ளை உடம்பு, மேலே கறுப்பு, கீழே குச்சி மாதிரிக் கால். என் கண்ணால் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் நின்றன, நீண்ட தூரம் பறந்து வந்த களைப்பு. ஓடாத குறையாக வீட்டுக்கு வந்து சேதுவுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டுதுடி."

"நெசமாவா அப்பத்தா? நண்டுதின்னிதானா?"

"எனக்குத் தெரியாதாக்கும்?"

அந்தப் பக்கம் அவள் குதிப்பது எனக்குக் கேட்டது. உடனே அதிகாரியிடம் சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரமே டிக்கெட் போடுகிறேன் என்றாள். தெருவில் நாலு பேருக்குச் சொன்னேன். சாயங்காலம் தண்ணீர் வற்றினதும் எல்லோரையும் கூட்டிப் போய்க் காட்டலாம் என்று இருக்கிறேன். பஞ்சவர்ணத்தையும் கூப்பிட்டேன். அவளும் பார்க்கட்டும்.

கார்த்திகை 21

நேற்று நடந்ததை எழுதவேண்டாம் என்று இருந்தேன். ஆனால் டைரி என்றால் எழுதத்தான் வேண்டும்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கினதும் நாங்கள் ஆறேழு பேர் திட்டுக்கு நடந்தோம். "சத்தம் போடாதீங்க, பறந்துரும்" என்று நான்தான் முன்னால் போனேன். கிட்டே போகப் போக அவை பறக்கவில்லை. இன்னும் கிட்டே போனோம். அப்போதும் பறக்கவில்லை. பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம். பக்கத்தில் வில்லாயுதம் உட்கார்ந்து நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலை மிதவைகள் அவை. வெள்ளைத் தெர்மாக்கோல் கட்டை, ஒவ்வொன்றிலும் குச்சி செருகி உச்சியில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறான், கடலில் வலை கிடக்கும் இடம் தெரிவதற்கு. காயட்டும் என்று மணலில் வரிசையாகக் குத்திவைத்திருக்கிறான்.

"என்ன பெரியம்மா, ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீக?"

பஞ்சவர்ணம்தான் சொன்னாள்: "எங்க மதினி ஒன் மிதவை எப்ப முட்டையிடும்னு பாக்க வந்திருக்காக."

வில்லாயுதம் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். வெயில் சாய்ந்த நேரம், எதிர்வெயில். யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். காலையில் பார்த்தபோது வெயில் முதுகுப் பக்கம் இருந்தது என்று பஞ்சவர்ணம் வழியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கார்த்திகை 22

சேதுவிடம் பறவைகள் போய்விட்டன என்று சொன்னேன். ஒரு வகையில் அது பொய்யில்லை. வில்லாயுதம் எல்லாவற்றையும் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கார்த்திகை 25

சேது போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு நாள் எறங்கிட்டுப் போறதை வச்சு அனுப்ப மாட்டாகளாம் அப்பத்தா. தங்கணுமாம். திட்டுல தங்கலைன்னா இங்கேயே இருந்து வேலையைப் பாருன்னுட்டாரு."

"சரிடி. வேலைதான முக்கியம்."

"பொங்கலுக்கும் லீவு கிடைக்காது போல."

"பொங்கல் எங்கிட்டுப் போகுது? அடுத்த வருஷமும் வரும்."

போனை வைத்துவிட்டுப் புளி ஊறப்போட்டேன். பிறகுதான் மருமகள் ஏற்கெனவே ஊறப்போட்டிருப்பது தெரிந்தது. இரண்டு பாத்திரம் புளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கார்த்திகை 28

வரவில்லை.

மார்கழி 1

கோலம் போட்டேன். புள்ளிகள் வரிசை தப்பி எங்கெங்கோ போய்விட்டன. காளீஸ்வரி துடைப்பத்தால் ஒரு ஓரத்தைக் கலைத்துவிட்டுத் தானே போட்டாள். கோலப்பொடி சரியில்லை.

மார்கழி 3

பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்தாள். மிதவை விஷயத்துக்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை. அவளாகவே வந்து கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். பைனாகுலர் அலமாரியில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேலை செய்யலையாம்ல மதினி? காளீசு சொன்னா."

"உப்புக்காத்துல போச்சு."

அவள் வாசலுக்குக் கொண்டுபோய்க் கண்ணில் வைத்தாள். அங்கும் இங்கும் திருப்பினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடியாத்தீ, வில்லாயுதம் பொண்டாட்டி மாடியில சேலை காயப்போடுறா. சேலையில கிழிசல்கூடத் தெரியுது. நல்லாத்தான இருக்கு மதினி."

நான் வாங்கி வைத்துப் பார்த்தேன். பால். அவள் கண்ணில் வைத்தால் கிழிசல், என் கண்ணில் வைத்தால் பால்.

"வாங்க, திட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள். போகக்கூடாது என்று நினைத்தேன். போனேன்.

எதிர்க்கரையில் நின்று அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பேசவில்லை. பஞ்சவர்ணம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மதினி, கோவிக்காம கேளுங்க. நிக்குதுக. அன்னைக்கு நான் சொன்னேன்ல, அதே ஆளுகதான். கறுப்பு முதுகு. அலகு நல்லா தடியா, பாக்குவெட்டி மாதிரி. ஒண்ணு நண்டைக் கவ்விட்டு ஓடுது, ரெண்டு அது பின்னாடி ஓடுது."

"நீ சும்மா சொல்ற."

"எதுக்குச் சொல்லப் போறேன்? ஒங்களை ஒரு தடவை கேலி பண்ணினேன், வாஸ்தவந்தான். அதுக்காக இதுல வெளையாடுவனா? சேது எனக்கும் பேத்திதான்."

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழுக்கும் என்றாள். அந்த இடத்தில் வழுக்காது.

மார்கழி 4

வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். தேதி இல்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இருக்கிறது, ஆனால் நாலா ஒன்பதா தெரியவில்லை.

மார்கழி 5

என் ஆத்தாளுக்குக் கண்ணில் இப்படித்தான் புகை மூடியது. ஊர் ஊராகப் போகும் ஒருவன் வந்து ஊசியால் கீறி எடுத்துவிடுகிறேன் என்றான். எடுத்தான். அதற்குப் பிறகு அவள் செத்துப்போகும்வரை அடுப்பைத் தடவித்தான் சமைத்தாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கண் என்று பேச்செடுத்தால் ஆஸ்பத்திரி என்பார்கள், ஆஸ்பத்திரி என்றால் கத்தி.

மோர்க்குழம்பு வைத்தோம்.

மார்கழி 6

யோசித்துப் பார்த்தேன். பறவை வந்திருக்கிறது என்று நான் மறுபடியும் சொன்னால் சேது கேட்பாள்: நீங்கள் பார்த்தீர்களா? பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். போன தடவை பார்த்தேன் என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளையின் பெயர் அங்கே கெட்டது. பஞ்சவர்ணம் பார்த்தாள் என்றால், நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்பாள். அதற்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறது.

சொல்லாமலே விட்டுவிடலாம். குஜராத்தில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. சப்பாத்தி சாப்பிடப் பழகிவிட்டாள்.

மார்கழி 7

சொல்லவில்லை.

மார்கழி 8

பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"சேது, பறவை இருக்குடி. கார்த்திகையிலேயே வந்துட்டுது. போகலை."

"நீங்க பாத்தீங்களா அப்பத்தா?"

"ஒங்க அம்மாச்சி பாத்தா. பைனாகுலர் வச்சு."

"அம்மாச்சியா? அப்ப நீங்க?"

"எனக்கு மறைக்குதுடி. மணலும் தெரியலை, பறவையும் தெரியலை. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஆவணியில இருந்து."

பக்கத்தில் காளீஸ்வரி அடுப்பைக் குறைப்பது கேட்டது.

"அப்ப அன்னைக்கு வந்து பறந்து போச்சுன்னீங்களே, அது?"

"அது வில்லாயுதத்தோட மிதவை."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், நடுவில் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "அம்மாச்சிகிட்டக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். கால் என்ன நிறம், அலகு எப்படி, பறக்கும்போது முதுகில் என்ன தெரிகிறது என்று கேள்வி மேல் கேள்வி. பஞ்சவர்ணம் பரீட்சை எழுதுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னாள். எல்லாம் சரியாகவே சொன்னாள். போனை என்னிடம் திருப்பித் தரும்போது அவள் முகத்தில் கர்வம் இருந்திருக்கும். எனக்கு அது தெரியவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

"அப்பத்தா, நான் கெளம்பி வாறேன். என் கண்ணால பாத்து எழுதிக் குடுத்தா அவரு ஒத்துக்குவாரு. ஆனா வந்ததும் மொத வேலை பறவை இல்லை. ஒங்க கண்ணு."

"ஆபரேசன்லாம் வேண்டாம்டி."

"அப்ப நான் வரலை."

இது யாரிடம் கற்றுக்கொண்ட பேச்சு என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான்.

மார்கழி 9

இனி சில நாள் காளீஸ்வரிதான் நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். வரி மேலே வரி ஏறுகிறது என்கிறாள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்கழி 13

சேது வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள் என்று மருமகள் சொல்கிறாள். தொட்டுப் பார்த்தேன், வாஸ்தவம்.

மார்கழி 14

விடியும்போதே திட்டுக்குப் போனாள். அவையேதானாம். அதிகாரிக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். உத்தரவு கிடைத்துவிட்டது.

மார்கழி 17

நாளை ராமநாதபுரத்தில் கண் ஆஸ்பத்திரி. பக்கத்துப் படுக்கையில் துணைக்கு இருப்பேன் என்று பஞ்சவர்ணம் அடம்பிடிக்கிறாள். ஆத்தாள் விஷயத்தை இன்று சேதுவிடம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இதை எழுதும்போது காளீஸ்வரி நிறுத்தி நிறுத்தி எழுதுகிறாள்.

மார்கழி 19

முடிந்தது. கத்தி என்று பயந்தேனே, அதற்கு முன்னால் பஞ்சவர்ணத்திடம் பேசிக்கொண்டிருந்த நேரம்கூட அது பிடிக்கவில்லை. வலிக்கவில்லை. டாக்டரம்மா கட்டைப் பிரித்து விரலைக் காட்டி எத்தனை என்றார். இரண்டு என்றேன், மோதிரத்தில் கல் ஒன்று விழுந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் மட்டும் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் தூசி விழுந்ததாம், ஆஸ்பத்திரிக்குள்.

மார்கழி 21

நானே எழுதுகிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். டைரியில் கோடுகள் எல்லாம் இருக்கின்றன.

வீட்டுக்குள் வந்து பார்த்தால் ஒட்டடை. அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. இத்தனை நாளாக இப்படியா வைத்திருந்தாய் என்று காளீஸ்வரியைத் திட்ட வாயெடுத்தேன். அவள் தலையைக் குனிந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வகிடு முழுக்க நரை. எப்போது இவ்வளவு நரைத்தாள்? ஒன்றும் சொல்லாமல் ஒட்டடைக் கம்பை எடுத்தேன். தலைக்கு மேலே கை தூக்கக்கூடாது என்று மூன்று பேரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

மார்கழி 27

உட்கார்ந்துகொண்டு அரிசி புடைத்தேன். மருமகள் மறுபடி புடைக்கவில்லை. அப்படியே எடுத்து உலையில் போட்டாள்.

தை 6, செவ்வாய்

கடற்காற்றில் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு இன்றுதான் திட்டுக்கு எதிரே போனோம். சேது, பஞ்சவர்ணம், நான். சேது மூன்று கால் வைத்த பெரிய தூரக் கண்ணாடியை மணலில் ஊன்றி, என் உயரத்துக்கு இறக்கிவைத்தாள்.

"மொத நீங்க பாருங்க அப்பத்தா."

பஞ்சவர்ணம் ஒரு பக்கம் ஒதுங்கினாள். "நான்தான் எம்புட்டோ நாள் பாத்துட்டேனே. படிச்ச ஆளுக பாக்கட்டும்" என்றாள். இதை அவள் சொல்லாமல் விடுவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

குனிந்து பார்த்தேன். மணல் தனியாக, தண்ணீர் தனியாக, நுரை தனியாகத் தெரிந்தது. அதன் நடுவில் அவை. முதுகில் கறுப்பு அவ்வளவு கறுப்பு. ஒன்று ஓடிப்போய் மணலைக் குத்தி நண்டை வெளியே இழுத்து, உதறி, காலைத் தனியாக விழவைத்தது. அதன் பின்னாலேயே சாம்பல் நிறத்தில் இன்னொன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு கத்திக்கொண்டு ஓடியது.

"அந்தச் சாம்பல் யாருடி?"

"குஞ்சு அப்பத்தா. இந்த வருசம் பொறந்தது. ஆத்தாகூடவே கடலைத் தாண்டி வந்திருக்கு. இங்க வந்தும் ஆத்தாதான் ஊட்டணும். பெரும்பாலான பறவைக இப்படிச் செய்யாது."

"ஆளு ஆத்தா உசரம் இருக்கான், வெக்கமே இல்லை" என்றாள் பஞ்சவர்ணம்.

அந்தத் தாய் இரண்டு சுற்று ஓடிப் போக்குக் காட்டியது. குஞ்சு விடவில்லை. கடைசியில் நின்று, திரும்பி, நண்டை அதன் வாயில் வைத்தது. நான் கண்ணாடியை விட்டு நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தால் துடைக்கக்கூடாது, சொட்டு மருந்து போடவேண்டும் என்று சேது பையைத் திறந்தாள். காற்றுதான் என்றேன்.

திரும்பி நடக்கும்போது இவை எப்போது கிளம்பும் என்று கேட்டேன்.

"பங்குனிக் கடைசியில அப்பத்தா" என்று என் தோளில் கை போட்டுக்கொண்டாள். "நானும் அப்பத்தான்."

நான் கேட்டது பறவையைத்தான்.